தங்கவயலின் கணக்கில் வராத கழிவு

கோலார் தங்கவயலைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகளுக்கு மீண்டும் விலை வந்திருக்கிறது. பாறையை இடித்துப் பொடித்துத் தங்கத்தைப் பிரித்த பின், ஒரு நூற்றாண்டுக் காலம் கொட்டிக் குவிக்கப்பட்ட சக்கை மண் அது. மேடுகள் 13; மண் ஏறத்தாழ 3.3 கோடி டன். 1,003 ஏக்கர் பரப்பில் கிடக்கும் இம்மண்ணை மறுபடியும் அரித்துத் தங்கம் எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்திற்கு 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை இசைவு அளித்தது. ஒரு டன் மண்ணில் ஒரு கிராம் தங்கம்கூடத் தேறாது. ஆயினும் கணக்குப் போடுகிறார்கள். கழிவு என்று தள்ளியதிலும் இலாபம் உண்டென்று தெரிந்துவிட்டால், மூலதனத்தின் மூக்கு எதையும் நாற்றம் என்று ஒதுக்குவதில்லை.

அந்நகரில் இன்னொரு கழிவும் இருந்தது. பல்லாயிரம் மனிதர்கள் நாள்தோறும் கழித்த மலம். அதைப் பற்றிய கணக்கு ஜான் டெய்லர் கம்பெனியின் பங்குதாரர் அறிக்கைகளுக்குத் தேவைப்படவில்லை. யார் அதை அள்ளினார்கள், எதில் அள்ளினார்கள், எத்தனை தலைமுறைகள் அள்ளினார்கள் என்ற வினாக்களுக்கு விடை தேடினால், தங்கவயலின் வரலாறு வேறொரு வெளிச்சத்தில் தெரிகிறது. தொழிலாளி வர்க்க இயக்கம் தன் வீரவரலாற்றின் ஒரு பகுதியாகக் கருதும் நகரம் அது. ஆகவே இவ்வினாக்களை இயக்கமும் தனக்குத் தானே கேட்டுக்கொள்வது பொருத்தமாகும்.

1880இல் மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனி தொடங்கப்பட்டது. சுரங்கங்களின் நிர்வாகம் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கங்கள் திறக்கப்பட்டன. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளின் வறண்ட கிராமங்களிலிருந்து ஒப்பந்தக்காரர்கள் ஆள் திரட்டினார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தமிழ் பேசும் தாழ்த்தப்பட்ட மக்கள். பண்ணையாரின் களத்து மேட்டிலிருந்து தப்பி வந்தவர்களுக்குக் கம்பெனியின் ரொக்கக் கூலி விடுதலையின் முதற்படியாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து இருப்புப்பாதையும் வந்தது. 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்த இடத்தில், 1901இல் 38,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். பத்தாண்டுகளில் ஐந்து மடங்கு. மூங்கில் தட்டியும் கூரையும் கொண்ட குடிசைகள் வரிசை வரிசையாக எழுந்தன. அவற்றிற்குள் ஆட்கள் நெருக்கி அடைக்கப்பட்டார்கள். அவர்கள் எங்கே மலம் கழிப்பார்கள் என்பதைக் கம்பெனி உடனே சிந்திக்கவில்லை. சிந்திக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இன்னும் ஏற்படவில்லை.

கட்டாயத்தைக் கொண்டு வந்தது கொள்ளைநோய். 1896இல் பம்பாயில் பரவிய பிளேக் 1898 ஆகஸ்டில் பெங்களூருவை அடைந்தது. 1897இலேயே காலனி அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றியிருந்தது. தங்கவயலுக்கும் பெங்களூருவுக்கும் இடையே இரயில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. எலிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் பங்களா எது, குடிசை எது என்று தெரியாது. இந்தப் பின்னணியில்தான் மைசூர் சமஸ்தானத்தின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் டொனால்ட் ராபர்ட்சன் பெயரால் புதிய குடியிருப்பு நகரொன்று நேர்கோட்டுத் தெருக்களுடன் உருவாக்கப்பட்டது. இன்றைய ராபர்ட்சன்பேட்டை அதுவே. நகர நிர்வாகத்துக்கு ஒரு சுகாதார வாரியமும் ஏற்பட்டது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றமாக அது இருக்கவில்லை. அரசு அதிகாரியும் நியமனம் பெற்றவர்களும் நடத்திய அமைப்பு. நகரின் முதல் ஆட்சிமன்றமே சுகாதாரத்தின் பெயரால் அமைந்தது என்பது குறிக்கத்தக்கது. தொழிலாளி அங்கே குடிமகனாகப் பதிவாகும் முன்னர் நோய் பரப்பக்கூடிய உடலாகப் பதிவானான்.

இதைத் தங்கவயலுக்கே உரிய விசித்திரமாகக் கொள்ள வேண்டியதில்லை. 1872இல் எங்கெல்ஸ் குடியிருப்புப் பிரச்சினை குறித்து எழுதிய கட்டுரைகளில் இந்த இயக்கமுறையைத் துல்லியமாக விளக்கியுள்ளார். ஏழைகள் நெருங்கி வாழும் பகுதிகளே கொள்ளைநோய்களின் விளைநிலம். அவற்றை உருவாக்குவது முதலாளி வர்க்கம். ஆனால் நோய் அங்கேயே நிற்பதில்லை, முதலாளிகளின் தெருவுக்கும் நடந்து வருகிறது. அப்போதுதான் அவர்களிடையே பரோபகாரச் சிந்தை பொங்குகிறது, விசாரணைக் குழுக்கள் அமைகின்றன, சட்டங்கள் பிறக்கின்றன என்பது அவரது வாதத்தின் சாரம். லண்டனிலும் அதுவே நடந்தது. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்த பிறகே, பொறியாளர் பேசல்ஜெட் பாதாளச் சாக்கடைகளைக் கட்டுவதற்குரிய பணம் விரைந்து ஒதுக்கப்பட்டது.

ஆகவே 1900ஆம் ஆண்டில் லண்டனில் இருந்த டெய்லர் கம்பெனிக்கும் அதன் பங்குதாரர்களுக்கும் பாதாளச் சாக்கடை என்பது புதிய செய்தியன்று. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் அதன் பயனை நுகர்ந்து வந்தார்கள். தொழில்நுட்பம் தெரியாமற் போயிற்று என்று அவர்களுக்காக யாரும் வாதாட இயலாது.

பணம் இல்லாமற் போயிற்று என்றும் வாதாட இயலாது. 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 92 மைல் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டு வரப்பட்டது. அவ்வளவு நீண்ட தொலைவுக்கு மின்சாரம் கடத்தப்பட்டது அன்றைய உலகில் பெருஞ்சாதனை. பெங்களூரு நகரத் தெருக்களுக்கு மின்விளக்கு வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே தங்கவயலின் இயந்திரங்கள் மின்சாரத்தில் ஓடின. அத்திட்டத்தை நிறைவேற்றியது மைசூர் சமஸ்தானம். மக்களின் வரிப்பணத்தில் பிறந்த மின்சாரத்தின் முதல் பெரிய நுகர்வோர் ஓர் அந்நியக் கம்பெனி. நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய் வழியாகத் தங்கவயலுக்கு வந்தது. பூமியை ஆயிரக்கணக்கான அடி துளைத்து இறங்கும் பொறியியல், இறங்கிய ஆழத்திலிருந்து நீரை இறைத்து வெளியேற்றும் பொறியியல், ஆழத்துச் சூட்டைத் தணிக்கக் காற்றைச் செலுத்தும் பொறியியல் எல்லாம் அங்கே குடிகொண்டிருந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பின்னாளில் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்துக்குச் சென்றது. அத்தனை பொறியாளர்கள் நிறைந்த ஊரில், தொழிலாளர் வரிசைகளிலிருந்து சில அடி ஆழத்தில் ஒரு மலக்குழாயைப் பதிக்க எவரும் இல்லை.

குழாய்க்குப் பதிலாக அவர்களிடம் சாதி இருந்தது. குழாயைவிட அது மலிவு.

தொழிலாளர் வரிசைகளுக்கு அருகே பொதுக் கழிப்பறைகள் கட்டப்பட்டன. தமிழகத்தில் எடுப்புக் கக்கூஸ் என்று மக்கள் சொல்லும் உலர் கழிப்பறைகள் அவை. தண்ணீர் ஊற்றி அடித்துச் செல்லும் வழி அவற்றில் இல்லை. வரிசையாக அமர்ந்து கழித்த மலம் கீழே தங்கும். மறுநாட் காலை ஓர் ஆணோ பெண்ணோ வந்து தகரத்தால் வழித்து, வாளியில் சேர்த்து, சுமந்து சென்று வண்டியிலோ குழியிலோ கொட்ட வேண்டும். ஊருக்கு வெளியே தோண்டிய பள்ளங்களில் மலத்தைப் புதைப்பது அக்காலத்து இந்திய நகரங்கள் பலவற்றில் இருந்த முறை. நகர வரைபடங்களே இதற்கேற்ப வரையப்பட்டன. பெங்களூருவின் பழைய விரிவாக்கப் பகுதிகளில் வீடுகளின் பின்புறம் குறுகிய சந்துகள் ஓடுவதை இன்றும் காணலாம். முன்வாசல் தெரு வீட்டாருக்கு. பின்சந்து மலம் எடுக்க வருபவருக்கு. தீண்டாமையைச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டியெழுப்பி, அதற்கு நவீன நகரமைப்பு என்று பெயரிட்டார்கள்.

சொற்களையும் இங்குச் சற்றுக் கவனிப்பது நல்லது. காலனி ஆவணங்கள் மலத்தை 'இரவு மண்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடராலேயே குறிக்கும். ஊர் உறங்கும்போது அகற்றப்பட்டதால் அப்பெயர். மலமும் மறைந்தது, அள்ளியவரும் மறைந்தார். கோப்பில் மண் மட்டும் எஞ்சியது. தமிழில் வழங்கும் துப்புரவு என்ற சொல்லின் கதை இன்னும் வியப்பானது. திருக்குறளின் நல்குரவு அதிகாரத்தில் அச்சொல் நுகர்வதற்குரிய பொருள்களை, அதாவது உண்டு உடுத்து வாழ்வதற்கு வேண்டியவற்றைக் குறித்தது. வாழ்க்கைக்குத் தேவையானவற்றின் பெயராக இருந்த சொல், அவை எதுவும் கிடைக்காதவர்கள் செய்யும் வேலையின் பெயராக இன்று நிற்கிறது. தங்கவயலிலோ துப்புரவு என்ற நாகரிகச் சொல்கூட அவர்களுக்கு வாய்க்கவில்லை. 'தோட்டி' என்ற சொல்லே அழைப்பாகவும் வசையாகவும் அவர்கள்மீது விழுந்தது. அவர்களின் குழந்தைகள் பள்ளிக்கூடத்திலும் அதைச் சுமந்தார்கள்.

தரைக்கு மேலே இப்படி என்றால் தரைக்கு அடியில் நிலை என்ன? எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் சுரங்கத்துக்குள் இருப்பவர்கள் மலங்கழிக்க மேலே ஏறி வர முடியாது. வெப்பமும் ஈரமும் நிறைந்த சுரங்கத் தரையில் மலம் கிடந்தால் கொக்கிப்புழு பெருகும். அதன் இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைந்து, குடலைப் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். 1880இல் ஆல்ப்ஸ் மலையில் கோத்தார்ட் சுரங்கப்பாதை தோண்டிய தொழிலாளர்களைச் சோகையால் வீழ்த்தியது இதுவே. 1902இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் டால்கோத் சுரங்கத் தொழிலாளர்களிடையே இனம் புரியாத சோகை பரவியபோது, உடலியல் அறிஞர் ஹால்டேன் ஆராய்ந்து கொக்கிப்புழுவையே காரணமாகக் கண்டார். வெப்பநாட்டுச் சுரங்கங்களில் வேலை செய்து திரும்பியவர்கள் வழியாக நோய் வந்திருக்கலாம் எனக் கருதப்பட்டது. கோலார் சுரங்கங்களில் மேற்பார்வைப் பணிகளில் இருந்தவர்களுள் கார்ன்வால்காரர்கள் பலர் என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம். சுரங்கத்துக்குள் மலவாளிகள் வைக்க வேண்டும், தரையில் மலம் கழிப்பதைத் தடுக்க வேண்டும் என்பது மருத்துவம் சொன்ன தீர்வு. சரியான தீர்வுதான். நிறைந்த வாளியை யார் தூக்குவது என்பது மருத்துவத்தின் கேள்வியாக இருக்கவில்லை. இந்தியச் சுரங்கங்களில் அக்கேள்விக்கு விடை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஆள் தேட வேண்டிய தேவை எந்த நிர்வாகத்துக்கும் நேரவில்லை. பிறப்பே ஆளெடுத்துத் தந்தது.

அசுத்தமானவர்கள், பழக்கவழக்கம் அறியாதவர்கள், கற்பித்தாலும் திருந்தாதவர்கள் என்பது காலனி அதிகாரிகள் கூலி மக்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்லி வந்த புகார். அந்தக் 'கூலிகள்' தங்கவயலில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை கண்டார்கள். அவர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழை ஆதரித்து வளர்த்தவர்களில் தங்கவயல் மக்கள் முன்னணியில் நின்றார்கள். பண்டிதர் மறைந்த பின் அவரது எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுக் காத்தது சாம்பியன் ரீஃபின் சித்தார்த்தா புத்தகசாலை. சுரங்கத்தில் பாறை உடைத்த கைகள் மாலையில் அச்சுக் கோத்தன, சங்கம் நடத்தின, பள்ளி நடத்தின. அசுத்தம் அம்மக்களின் குணத்தில் இல்லை. கம்பெனியின் வரவுசெலவுத் திட்டத்தில் இருந்தது.

அம்மக்கள் போராடவும் செய்தார்கள். 1930 ஏப்ரலில், கைரேகை எடுத்துத் தங்களைக் குற்றவாளிகளைப் போலப் பதிவு செய்யும் திட்டத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலிக்காக மட்டும் நடந்த போராட்டமாக அதைக் கருத முடியாது. மானத்துக்காக நடந்த போராட்டம் அது. 1940களில் கே. எஸ். வாசன் போன்ற கம்யூனிஸ்டுத் தோழர்களின் முன்முயற்சியில் செங்கொடிச் சங்கம் அங்கே வேரூன்றியது. எம். சி. நரசிம்மன் போன்றோர் அதை வளர்த்தெடுத்தனர். அடக்குமுறையும் சிறையும் துப்பாக்கிச் சூடும் கண்ட மண் அது. பஞ்சப்படி, போனஸ், வேலைநேரம், நுரையீரலைக் கல்லாக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்கு இழப்பீடு ஆகியவற்றுக்கெல்லாம் நெடிய போராட்ட வரலாறு உண்டு. 1947இல் வெளியான மருத்துவ ஆய்வு, சோதிக்கப்பட்ட தங்கவயல் தொழிலாளர்களுள் ஐந்தில் இருவருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்ததைக் காட்டியது. அந்நோயைச் சட்டத்தின் முன் கொண்டு வந்தது தொழிலாளர் இயக்கத்தின் அரும்பணி.

ஆனால் உலர் கழிப்பறை? அது தொடர்ந்தது.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை ஒன்றிய அரசின் கைக்கு மாறின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் பிறந்தது. வெள்ளை மேலாளர்கள் கப்பலேறினார்கள். செங்கொடி ஏந்தியோர் நெடுங்காலம் கோரிய நாட்டுடைமை நனவானது. மலவாளி மட்டும் முதலாளி மாறியதை அறியாமல், பொதுத்துறையின் வாளியாக அதே வழியில் சென்றுகொண்டிருந்தது. 1970களின் தொடக்கத்தில் கர்நாடக அமைச்சர் பசவலிங்கப்பா மலத்தைத் தலையில் சுமப்பதற்குத் தடை விதித்தார். அதே மாநிலத்தில் ஒன்றிய அரசின் நிறுவனம் ஒன்று அதன் பின்னரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவித்தது. உற்பத்திச் சாதனங்களின் உடைமை மாறினால் அனைத்தும் தாமே மாறும் என்று நம்புவோர் தங்கவயலின் இந்த முப்பத்தைந்து ஆண்டுகளைப் படித்துப் பார்க்க வேண்டும். அரசுடைமை தேவையானது, அதைக் கைவிட்டதன் விளைவைத் தங்கவயல் 2001க்குப் பின் அனுபவித்துக்கொண்டிருக்கிறது. சாதியோ உடைமைப் பத்திரத்தில் எழுதப்பட்டிராத உறவு. அதற்கெனத் தனியே போராடாதவரை அது புதிய முதலாளியிடமும் வேலைக்குச் சேர்ந்துவிடும்.

மேலும் ஓர் உண்மையைப் பேசியாக வேண்டும். சுரங்கத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். மலம் அள்ளியவர்களும் ஒடுக்கப்பட்டவர்களே. அவர்களில் பல குடும்பங்கள் தெலுங்கு பேசுபவை. இவர்கள் குடியிருப்பு தனி, அவர்கள் குடியிருப்பு தனி. அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று விளக்கியதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. ஒடுக்கப்பட்டவனுக்கும் தன் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற ஆறுதலைச் சாதி வழங்குகிறது. அந்த ஆறுதல் கம்பெனிக்கு எவ்வளவு இலாபமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1966இல் தங்கவயலில் அப்படியொரு தனிக் குடியிருப்பில் பிறந்தவர் பெசவாடா வில்சன். பெற்றோரும் அண்ணனும் மலம் அள்ளியவர்கள். குடும்பத்தில் உயர்கல்வி வரை சென்ற முதல் மனிதர் அவர். தம் மக்கள் செய்யும் வேலையின் உண்மையான தன்மையைக் குடும்பத்தார் அவரிடமிருந்து மறைத்தே வைத்திருந்தனர் என்றும், இளைஞனான பின் அதை நேரில் கண்டு நிலைகுலைந்து போனதாகவும் அவர் பலமுறை கூறியுள்ளார். 1986 முதல் அவர் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். நிறுவனத்துக்கு, அமைச்சர்களுக்கு, பிரதமருக்கு. உலர் கழிப்பறை இருப்பதையே அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள். நிழற்படங்கள் பத்திரிகையில் வெளியாகி, நாடாளுமன்றம் வரை விவகாரம் சென்ற பிறகே நிறுவனம் அசைந்தது. 1990களின் நடுப்பகுதியில் அக்கழிப்பறைகள் நீர்க்கழிப்பறைகளாக மாற்றப்பட்டன. மலம் அள்ளியவர்களுக்கு வேறு பணி வழங்கப்பட்டது. மின்சாரம் வந்து ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழிந்திருந்தன. சுரங்கம் மூடப்படுவதற்கு ஏழெட்டு ஆண்டுகளே எஞ்சியிருந்தன. 2001 பிப்ரவரி 28இல் அதுவும் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் தந்த நகரம், வாளியிலிருந்து விடுபட்டு மூச்சுவிடும் முன் வேலையிலிருந்தும் விடுபட்டது.

அக்கிளர்ச்சி தொழிற்சங்க அலுவலகம் எதிலிருந்தும் புறப்படவில்லை; துப்புரவாளர் குடியிருப்பின் ஓர் இளைஞனிடமிருந்து புறப்பட்டது. தங்கவயலைப் பற்றி இயக்கத்தார் எழுதும் நினைவுக் கட்டுரைகளில் வேலைநிறுத்தங்கள் உண்டு, தியாகிகள் உண்டு, தேர்தல் வெற்றிகள் உண்டு. மலம் அள்ளியவர் உண்டா என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அன்றைய தோழர்களின் அர்ப்பணிப்பைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இது கூறப்படவில்லை. சுரங்கத்துக்குள் இறங்குபவனே தொழிலாளி, கழிப்பறையைக் கழுவுபவர் ஏதோ ஓர் ஏற்பாடு என்ற பார்வை அக்காலத் தொழிற்சங்கங்கள் பலவற்றிலும் படிந்திருந்தது. அப்பார்வையைக் கம்பெனி உருவாக்கியது. வர்க்க இயக்கமும் அதைக் கேள்வியின்றி ஏற்ற தருணங்கள் இருந்தன. உள்கட்சி வகுப்புகளில் தங்கவயல் பாடம் நடத்தப்படும்போது இப்பக்கமும் சேர்க்கப்பட வேண்டும்.

சட்டங்களின் கதைக்கு வருவோம். விடுதலைக்குப் பின் பார்வே குழு, மல்கானி குழு என்று குழுக்கள் வந்தன. அவை தந்தவற்றுள் பெரும்பகுதி நல்ல வாளி, கையுறை, சக்கரவண்டி பற்றிய பரிந்துரைகள். வேலையை ஒழிக்காமல் வேலைக் கருவியைச் செம்மைப்படுத்தும் சீர்திருத்தம். 1993இல் நாடாளுமன்றம் உலர் கழிப்பறைத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது; அது நடைமுறைக்கு வரவே 1997 ஆயிற்று. அதன்கீழ்த் தண்டனை பெற்றவரைக் காண்பது அரிது. 2003இல் சபாய் கர்மசாரி ஆந்தோலன் உச்ச நீதிமன்றம் சென்றது. 2011 கணக்கெடுப்பில் மனிதரே மலம் அகற்றும் கழிப்பறைகள் 7.94 இலட்சம் என்று அரசே எண்ணிச் சொன்னது. 2013இல் விரிவான புதிய சட்டம் பிறந்தது. 2014 மார்ச் 27 தீர்ப்பில், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் சாக்கடை மரணங்களுக்கான தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது.

இழப்பீடு உயர்ந்தது, இறப்பு நிற்கவில்லை. ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கொடுக்கும் விடையோ விநோதமானது. கையால் மலம் அள்ளியதால் எவரும் இறக்கவில்லையாம். சாக்கடையையும் மலக்குழியையும் 'அபாயகரமாகச் சுத்தம் செய்தபோது' இறந்தவர்களே உண்டாம். இறந்தவருக்கு இவ்வேறுபாடு தெரியாது. வில்சனின் கடிதத்துக்கு 'எங்களிடம் உலர் கழிப்பறையே இல்லை' என்று மறுத்த அன்றைய அதிகாரிகளின் குரல் இப்போது தில்லியிலிருந்து ஒலிக்கிறது. தங்கவயலில்கூட அக்கதை முற்றவில்லை. 2011இல் அங்கே கழிவுக்குழியைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளர்கள் உயிரிழந்தனர். உலர் கழிப்பறை போனது. பாதாளச் சாக்கடை முழுமையாக வரவில்லை. இடைவெளியை மறுபடியும் மனித உடலே அடைத்தது.

கம்பெனி ஒப்பந்தக்காரன் வழியாக ஆள் திரட்டிய முறையும் திரும்பி வந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாருக்கு ஒப்படைப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் 13 நாள் அமர்ந்திருந்தனர். பெரும்பாலோர் பெண்கள். நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினர். 1900இல் தங்கவயலில் சுகாதார வாரியத்துக்கும் கம்பெனிக்கும் இடையே பொறுப்பு பங்கிடப்பட்டதைப் போலவே, இன்று மாநகராட்சிக்கும் ஒப்பந்த நிறுவனத்துக்கும் இடையே அது பங்கிடப்படுகிறது. சம்பளம் குறைந்தால் ஒருவரைக் கேட்க வேண்டும், கையுறை இல்லையென்றால் மற்றவரைக் கேட்க வேண்டும், இறந்துபோனால் இருவரும் ஒருவரையொருவர் காட்டுவார்கள்.

தங்கவயலின் 13 மேடுகளுக்குத் திரும்புவோம். கோடைக் காற்றில் அவற்றின் நுண்தூள் இன்றும் வரிசை வீடுகளுக்குள் பறந்து வந்து படிகிறது. வேலை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூரு சென்று இரவில் திரும்புகிறார்கள். மேடுகளை ஏலத்தில் எடுப்பவருக்குத் தங்கமும் அரசுக்கு வருவாயும் கிடைக்கும். மண்ணை மறுபடியும் கிளறும்போது எழும் தூசு யார் நுரையீரலுக்குள் போகும், அரித்த மண்ணும் அதன் நீரும் எங்கே விடப்படும், பாலாற்றுப் பக்கம் வழிந்தால் பொறுப்பு யாருடையது என்பவை ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். எழுதப்படுவதற்கு முன் தங்கவயல் மக்களிடம் காட்டப்பட வேண்டும். முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களின் நிலுவையும் வீட்டுரிமையும் இடதுசாரிகள் வைக்கும் கோரிக்கைப் பட்டியலில் ஏற்கெனவே உள்ளன. நகர் முழுவதற்கும் பாதாளச் சாக்கடை, குழிக்குள் மனிதர் இறங்காத இயந்திரத் துப்புரவு, அதை இயக்குவோருக்கு நகராட்சியின் நிரந்தரப் பணி ஆகியவற்றையும் அதே பட்டியலில், அதே வரிசையில் வைக்கலாம். அதற்குரிய பணம் மேட்டிலேயே இருக்கிறது. டன்னுக்கு எத்தனை கிராம் என்று அரசே கணக்கிட்டு வைத்திருக்கிறது.